டுரியான் தோப்புச் சூனியம்

அத்தியாயம் நான்கு

"மந்திரிச்ச கயிறு கருவாட்டு வாடை அடிக்குமாக்கா?"

கேட்டுவிட்டுத் தியாகு அந்தக் கயிற்றுத் துண்டை மூக்கிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தான். விரல் நீளம்தான் இருக்கும். காவி நிறம். நடுவில் இறுக்கிப் போட்ட ஒரு முடிச்சு. அந்த முடிச்சில் சிக்கிக் காய்ந்துபோன கறுப்புத் தோல் ஒன்று, கிழிந்த குடைத்துணி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

"உன்னை மோந்து பாக்கச் சொல்லலை," என்றார் பெரிய கிராணி தம்பிராஜா. "அது சூனியம். என் தோப்புல, என் மரத்து உச்சியில இருந்து எடுத்தது. இந்த வருசம் தோப்பே காய்க்கலை. பக்கத்து வீட்டுக்காரங்க மரமும் அப்படித்தான் மொட்டையா நிக்குது. ஆனா என் வேலியோரத்துல குந்தியிருக்காளே அந்தச் சூனியக்காரி, அவ மரத்துல மட்டும் கிளை ஒடியற மாதிரி தொங்குது. இதுக்கு மேல என்னா சாட்சி வேணும்?"

"சாட்சி வேண்டாம்னா எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க ஐயா?" என்று கேட்டாள் சந்திரமதி.

"ரிப்போர்ட் வேணும். முப்பது வருசம் தொரைக்குக் கீழே வேலை பாத்தவன் நான். எதையும் ரிப்போர்ட் இல்லாம செஞ்சதில்லை. சாயங்காலம் ஊர்க்காரங்க எல்லாரும் வேலிகிட்ட வருவாங்க. கோடாலிக்கு ஆள் சொல்லியாச்சு. நீங்க ரிப்போர்ட்டைப் படிங்க, அவ மன்னிப்புக் கேக்கட்டும், மரத்தை வெட்டறோம். மன்னிப்புக் கேக்கலைன்னா மரத்தோட சேத்து அவ குடிசையும் போவும். மனை என்னோடது."

தீர்ப்பை எழுதி வைத்துவிட்டுத் துப்பறிய ஆள் கூப்பிடும் மனிதரைத் தியாகு இப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறான். செங் என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்று, மலாக்கா டவுனுக்கு வந்து, காஜா பெராங் பகுதியில் டுரியான் தோப்பும் வீடுமாக உட்கார்ந்திருப்பவர் தம்பிராஜா. தோட்டத்தை விட்டு வந்தாலும் தலையிலிருந்த தொப்பியை விடவில்லை. அடுத்த மாதம் நாட்டுக்குச் சுதந்திரம் வரப் போகிறது, ஊரெல்லாம் மெர்டேக்கா மெர்டேக்கா என்று கூத்தாடுகிறது. இவர் வராந்தாவில் மட்டும் இன்னும் வெள்ளைக்காரன் காலத்து வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

சந்திரமதி கயிற்றை வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். அவள் ஒரு காலத்தில் வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். கட்சிக்காரர்களின் பொய்யைக் கண்டுபிடித்தவரை வக்கீல் பாராட்டினார். வக்கீலின் பொய்யைக் கண்டுபிடித்த அன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மறு வாரமே நகைக்கடை மாடியில் 'சந்திரமதி துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டிவிட்டாள். பஸ் கண்டக்டராக இருந்து, வாய் நீண்டு, அந்த வாயாலேயே வேலை போன தியாகுவை உதவிக்கு வைத்துக்கொண்டாள். வாய்க்குச் சம்பளம் கொடுக்கிற ஒரே முதலாளி அவள்தான் என்பது தியாகுவின் எண்ணம்.

"கயிறு இருந்த இடத்தைப் பாக்கணும்," என்றாள்.

தோப்புக்காரன் மருதமுத்து முன்னால் நடந்தான். நல்ல ஆகிருதி, ஆனால் நடையில் ஏனோ ஒரு பம்மல். மரங்கள் எல்லாம் பச்சைப் பசேல் என்று நின்றன. இலை வாடவில்லை, பட்டை உரியவில்லை, பூச்சி அரித்த அடையாளம் இல்லை. ஆடி மாதத்தில் முள் பந்துகள் காற்றில் ஆட வேண்டிய கிளைகளில் காகம்தான் உட்கார்ந்திருந்தது.

"பங்குனியில நல்லாத்தான் பூத்துச்சு," என்றான் மருதமுத்து. "காலையில பாத்தா பூவெல்லாம் தரையில கொட்டிக் கிடக்கும். தெனமும் அப்படித்தான். அப்புறம் ஒண்ணுமே காய்க்கலை."

"ஒண்ணுமேவா?" தியாகு கழுத்தை வளைத்து மேலே பார்த்தான். "அந்தா, அந்த உச்சிக் கிளையில மூணு தொங்குதே, அது என்ன, பூசணிக்காயா?"

மருதமுத்து தலையைச் சொறிந்தான். "அது... சூனியம் எட்டாத இடமா இருக்கும்."

"சூனியத்துக்கு ஏணி வேணுமாண்ணே?"

சந்திரமதி மேலே பார்த்தபடியே கேட்டாள். "கயிறு எந்தக் கிளையில இருந்துச்சு?"

"அதே கிளைதாங்க. அந்த மூணு காய்க்குப் பக்கத்துல. ஐயாதான் கீழே இருந்து பாத்துட்டு, ஏறி எடுடான்னாரு. எடுத்துக் குடுத்தேன். பாத்ததுமே சூனியம்னு சொல்லிட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"பெரியவங்க சொன்னா சரின்னுதானே சொல்லணும்." அவன் கண் தரையைவிட்டு எழவில்லை.

கொஞ்ச தூரம் தள்ளி வந்ததும் சந்திரமதி நின்றாள். "கவனிச்சியா தியாகு? சூனியம் வச்ச கிளை காய்ச்சிருக்கு. வைக்காத கிளை எல்லாம் மொட்டை."

"அப்படின்னா இது தலைகீழா வேலை செய்யற சூனியம். நம்ம ஆபீஸ் கதவுல ஒண்ணு கட்டிப் பாக்கலாமாக்கா? கேஸாவது வரும்."

சந்திரமதி சிரிக்கவில்லை. அவள் சிரிக்காவிட்டால் எங்கேயோ ஒரு நூல் கையில் அகப்பட்டிருக்கிறது என்று பொருள். தியாகு வாயை மூடிக்கொண்டு பின்னால் நடந்தான்.

வேலிக்கு அப்பால் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட குடிசை. அதை அணைத்தாற்போல ஒற்றை டுரியான் மரம். கிராணி சொன்னது பொய்யில்லை, கிளைகள் நிஜமாகவே பாரம் தாங்காமல் தணிந்திருந்தன. மரத்தடியில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி பாராங் கத்தியால் விறகு பிளந்துகொண்டிருந்தாள். அவர்களைப் பார்த்தும் கத்தியை நிறுத்தவில்லை.

"வாங்க. நீங்களும் எலுமிச்சம்பழம், மண்டை ஓடு ஏதாச்சும் தேடணுமா? தேடுங்க. அடுப்புல சோறு வேவுது, அதையும் கிண்டிப் பாத்துக்குங்க."

"உங்க பேரு அஞ்சலைதானே?" என்று கேட்டாள் சந்திரமதி.

கத்தி ஒரு விநாடி நின்றது. "ஆமா."

"நான் கேள்வி கேக்கத்தான் வந்தேன். கிராணியார் மரத்துல பூவெல்லாம் தெனமும் காலையில கொட்டிக் கிடந்துச்சாம். அது உங்க வேலைங்கறாரு."

"என் மரத்துலயும்தான் கொட்டிச்சு! விடிஞ்சும் விடியாம கூட்டிக் கூட்டி எனக்கு இடுப்பே விட்டுப்போச்சு. அவரு மரத்துல கொட்டினா சூனியம், என் மரத்துல கொட்டினா குப்பையா?"

"கொட்டின பூ கடிபட்டிருந்துச்சா?"

"இல்லையே. முழுசு முழுசாத்தான் கிடந்துச்சு. நல்லதாப் பொறுக்கி வதக்கித் தின்னுட்டு மிச்சத்தைக் குப்பையில போட்டேன்."

சந்திரமதியின் விரல் கைக்குட்டையை நெருடியது. "பூத்த நேரத்துல யாராச்சும் மரத்துல ஏறினாங்களா?"

"ஏற வந்தானுங்க! அந்த மருதமுத்துவும் இன்னொருத்தனும். தோள்ல பெரிய மூட்டை. கேக்காம கொள்ளாம ஏணியைச் சாத்தினானுங்க. என்னடான்னு கேட்டா, கிராணி உத்தரவுங்கறான். கொட்டையைப் போட்டுத் தண்ணி ஊத்தி வளத்தவ நான், என் மரத்துக்குக் கிராணி உத்தரவா? இந்தா, இதே பாராங்கை எடுத்துக்கிட்டு வந்தேன். ஏணியைப் போட்டுட்டு ஓடிட்டானுங்க. அதுலதான் இப்ப என் கோழி அடையுது."

"மூட்டையில என்ன இருந்துச்சு?"

"ஓடறவன்கிட்ட நின்னு என்னாத்தக் கேக்கறது?"

"சாயங்காலம் மன்னிப்புக் கேட்டா வீட்டையாவது விட்டுடறேங்கறாரு," என்றான் தியாகு. அவனுக்கு அந்தக் குடிசையைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. "ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டா..."

அஞ்சலை கத்தியை விறகில் கொத்தி நிறுத்திவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "செய்யாத தப்புக்கு எந்த வார்த்தையைத் தம்பி சொல்றது? ரெண்டு மாசமா என்கிட்ட ஆட்டுப்பால் வாங்க ஒருத்தரும் வரலை. கோயில்ல பக்கத்துல நிக்க மாட்டேங்கறாங்க. எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன். இப்ப மன்னிப்பும் கேட்டா, ஆமா நான்தான் செஞ்சேன்னு ஆயிடாது? தொரை போறான்னு ஊரே கொண்டாடுது. இங்க ஒரு தொரை மிச்சம் இருக்காரு. அவருக்கு நான் சலாம் போட மாட்டேன். வீடு போனா போவட்டும்."

  அந்த நேரம் பார்த்துத் தியாகுவின் முதுகுக்குப் பின்னால் தொம்மென்று ஒரு டுரியான் விழ, ஒரே தாவில் கோழி ஏணிக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"பயப்படாதீங்க. டுரியானுக்குக் கண் இருக்கு, ஆள் பாத்துத்தான் விழும்," என்றாள் அஞ்சலை.

"அதான்க்கா எனக்குப் பயமே."

மோட்டார் சைக்கிள் தார்ச் சடக்கில் ஏறியதும் தியாகு கேட்டான். "எங்கேக்கா போறோம்?"

"வலைக் கடைக்கு. மந்திரவாதி கட்டின முடிச்சுல மஞ்சளோ கற்பூரமோ மணக்கணும். இதுல மீன் மணக்குது. காவி நிறம், மரப்பட்டைச் சாயம். உப்புத் தண்ணியில நூல் இத்துப்போகாம இருக்க அந்தச் சாயம் ஏத்துவாங்க. இந்த முடிச்சு சூனியக்காரங்க போடறது இல்லை, வலை பின்றவங்க போடறது."

ஆற்றங்கரையில் கயிறும் பழைய வலையும் விற்கிற கடை சுப்பையன் பிள்ளையுடையது. பெயர் தமிழ், நெற்றியில் பட்டை பட்டையாக விபூதி, சுவரில் முருகன் படம். வாயைத் திறந்தால் மலாய்தான். எப்போதோ கப்பலேறி வந்து குடியேறிய மலாக்காச் செட்டிகள் நூற்றாண்டுக் கணக்கில் இப்படித்தான். சாமிக்கு மட்டும் தமிழ் தெரிந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். சந்திரமதிக்கு மலாய் அரைகுறை. தியாகு பஸ்ஸில் கற்ற மலாயில் மலாய்க்காரனையே சண்டைக்கு இழுப்பான். அதனால் மொழிபெயர்ப்பு வேலை அவனுக்கு.

சுப்பையன் பிள்ளை முடிச்சைப் பார்த்த மாத்திரத்தில் தலையாட்டினார். பிறகு அந்தக் கறுப்புத் தோலை வெளிச்சத்தில் பிடித்து, அதன் ஓரத்தில் இருந்த ஒரு சின்னஞ்சிறு கொக்கியை நகத்தால் தட்டிக் காட்டினார். கொக்கி அல்ல, நகம். தியாகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். பிள்ளை மலாயில் படபடவென்று பேசிக்கொண்டே போனார்.

"என்ன சொல்றாரு?"

"வலை இவரோடதுதானாம்க்கா. பங்குனி ஆரம்பத்துல மருதமுத்து வந்து கடையில கிடந்த பழைய வலை அத்தனையையும் வாங்கிட்டுப் போயிருக்கான். டுரியான் மரத்தைச் சுத்திக் கட்டி, பழந்தின்னி பிடிக்கணும்னானாம். கிராணியார் உத்தரவாம். இந்தத் தோல் பழந்தின்னியோட றெக்கையாம். பிடிச்சதை இழுப்பு நோய்க்காரங்க கேட்டு வாங்கிட்டுப் போயிடறாங்கன்னு அவனே சொல்லிச் சிரிச்சானாம். பாவம், முன்னெல்லாம் ஆத்து முகத்துல உப்புத்தண்ணி மரங்கள்ல அதுங்க கூட்டம் கூட்டமா தொங்குமாம். இப்ப அந்த மரத்தை எல்லாம் விறகுக்கு வெட்டிட்டாங்க, மிஞ்சினது கொஞ்சம்தானாம்."

"நில்லு. பழந்தின்னின்னு அவரு சொன்னாரா?"

"ஆமாக்கா."

"அவரு வாயில பழம்ங்கற சொல்லு வந்துச்சா?"

தியாகு விழித்தான். மலாயில் பழத்துக்குப் 'பூவா' என்று பெயர். முதல் முதலாகப் பாசார் சந்தைக்குப் போன காலத்தில், பூவா வேணுமா என்று கேட்ட கடைக்காரியிடம் பூ வேண்டாம், பழம் கொடு என்று சண்டை போட்டவன் அவன். அந்தச் சொல் காதில் விழுந்திருந்தால் மறக்க மாட்டான். "இல்லையே... பூவாங்கற பேச்சே வரலை. கெலுவாங்னுதான் சொன்னாரு. பெரிய வௌவாலுக்கு மலாய்ல அதுதான் பேரு. நான்தான் தமிழ்ல பழந்தின்னின்னேன்."

"நீதான் சொன்னே." சந்திரமதி மெல்லச் சொன்னாள். "அவரு சொல்லலை. அது டுரியான் பழத்தைத் தின்னுமான்னு கேளு."

தியாகு கேட்டான். சுப்பையன் பிள்ளை முதலில் அவனை முறைத்தார். அப்புறம் மேசை அதிரச் சிரித்தார். ஒரு விரலை இன்னொரு விரலால் குத்திக் காட்டி, "டுரி! டுரி!" என்றார்.

"டுரின்னா முள்ளுக்கா. அதனாலதான் அதுக்கு டுரியான்னு..." தியாகு பாதியில் நிறுத்தினான்.

"வண்டியை எடு," என்றாள் சந்திரமதி. "கோடாலி விழறதுக்குள்ள போகணும்."

"எனக்கு ஒண்ணும் புரியலைக்கா."

"புரிஞ்சா வண்டியை நேரா ஓட்ட மாட்டே. எடு."

அவர்கள் போய்ச் சேரும்போது வேலியோரம் ஊரே கூடியிருந்தது. கோடாலிக்காரர்கள் இருவரும் மரத்தை அண்ணாந்து பார்த்து எந்தப் பக்கம் சாய்க்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மரத்துக்கு முன்னால் அஞ்சலை இடுப்பில் கை வைத்து நின்றாள். கூட்டத்தில் ஒருத்தர் கண்ணும் அவள் கண்ணைச் சந்திக்கவில்லை. கிராணி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், தொப்பியோடு.

"ரிப்போர்ட் ரெடியா?"

"ரெடி ஐயா," என்றாள் சந்திரமதி. "தோப்பு காய்க்காம போனது தானா நடந்ததில்லை. செஞ்ச ஆளு இருக்கு."

கூட்டம் சலசலத்தது. கிராணி நாற்காலியில் நிமிர்ந்தார். "நான் சொல்லலை? பேரைப் படிங்க."

"பெரிய கிராணி தம்பிராஜா."

தியாகு அந்த முகத்தை ஆயுசுக்கும் மறக்க மாட்டான். கிராணி எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "என்னா உளறல் இது? என் தோப்பை நானே கெடுப்பேனா?"

"தெரிஞ்சு கெடுக்கலை. பங்குனியில உங்க மரத்தைச் சுத்தி வலை கட்டச் சொன்னது நீங்கதானே?"

"அதுக்கென்ன? வௌவால் வந்து பூவை எல்லாம் கடிச்சுப் போட்டுச்சு. காலையில தரை பூராப் பூ. அதான் வலை கட்டி ஒழிக்கச் சொன்னேன். எனக்கு மட்டுமா? அக்கம்பக்கத்து மரத்துக்கும் சேத்துத்தான் கட்டச் சொன்னேன். அது உபகாரம்!"

"வலை கட்டின பிறகு பூ கொட்டறது நின்னுச்சா?"

கிராணி மருதமுத்துவைத் திரும்பிப் பார்த்தார்.  கூட்டத்திலிருந்து பூங்காவனம் என்கிற பக்கத்து வீட்டுப் பெண்தான் பதில் சொன்னாள். "எங்க நின்னுச்சு? எங்க மரத்துலயும் கொட்டிக்கிட்டேதான் இருந்துச்சு."

"அஞ்சலை மரத்துலயும் கொட்டிச்சு. ஒரு பூவும் கடிபடலை. டுரியான் பூ சாயங்காலம் விரியும், விடியறதுக்குள்ள உதுந்துடும். யாரும் கடிக்க வேண்டியதில்லை. நடுவுல அந்த ஒரு ராத்திரிதான் அதுக்கு வாழ்க்கை. அதுக்குள்ள ஒரு மரத்து மகரந்தம் இன்னொரு மரத்துப் பூவுக்குப் போயாகணும். நம்ம வீட்டுப் பூசணியில ஆண் பூவை ஒடிச்சுப் பெண் பூவுல தடவறோமே, அந்த மாதிரி. ராத்திரியில, அவ்வளவு உசரத்துல, யாரு வந்து தடவறது? தேன் குடிக்க வர்ற வௌவால்தான். மூஞ்சியில மகரந்தத்தை அப்பிக்கிட்டு மரம் மரமாப் போவுது. நீங்க அதை வலை கட்டிப் பிடிச்சீங்க."

"கதை!" என்றார் கிராணி. "அத்தாட்சி இருக்கா?"

"உங்க தோப்புலயே இருக்கு. சூனியக் கயிறுன்னு குடுத்தீங்களே, அது பூ முடிஞ்சு வலையை அவுத்தப்ப மிஞ்சிப்போன துண்டு. உச்சிக் கிளையில வலை கிழிஞ்ச இடத்துல தொங்கிச்சு. கிழிசல் வழியா வௌவால் உள்ளே போனதால அந்தக் கிளையில மட்டும் மூணு காய். அஞ்சலை மரத்துல வலையே இல்லை, கட்ட வந்தவங்களை இவங்க விரட்டிட்டாங்க. தூரத்து மரங்கள்ல மகரந்தம் அப்பிக்கிட்டு வந்த வௌவால் இங்க தடையில்லாம இறங்கிச்சு, அதான் மரம் பூரா காய். மருதமுத்து, நீ பாத்ததுமே அது வலைன்னு உனக்குத் தெரியும்லே?"

மருதமுத்து கூட்டத்துக்குள் தலையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். ஆகிருதி ஒத்துழைக்கவில்லை. "ஐயா சூனியம்னாரு... இல்லைன்னு சொன்னா, ஏன்டா வலையைக் கிழிச்சேன்னு கேப்பாரு. இவ வேற அன்னிக்குப் பாராங்கோட விரட்டினா. அந்தக் கோவத்துல பேசாம இருந்துட்டேன்."

"பிடிச்ச வௌவால் எல்லாம் எங்கே?"

"கேட்டவங்களுக்குக் குடுத்தேன். இழுப்புக்கு நல்லதுன்னு வறுத்துத் தின்னாங்க." பூங்காவனத்தின் பக்கம் கை காட்டினான். அவள் புருஷன் மெல்ல இரண்டடி பின்னால் போனார்.

"சாட்சியைக் கலைச்சவங்களைப் பாத்திருக்கேன்," என்றான் தியாகு, அடக்க முடியாமல். "மிளகு போட்டு வறுத்துத் தின்னவங்களை இன்னிக்குத்தான் பாக்கறேன். இழுப்பு நின்னுச்சாண்ணே?"

"இல்லை," என்றார் அவர் பரிதாபமாக.

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு கிராணிக்குப் பொறுக்கவில்லை. "நிறுத்துங்கய்யா! பேர்லயே இருக்கே பழந்தின்னின்னு! பழம் திங்கற சென்மத்தைத் தோப்புக்குள்ள விடுவாங்களா?"

இதற்காகத்தான் சந்திரமதி காத்திருந்திருப்பாள் போல. தரையில் கிடந்த ஒரு டுரியானைக் காம்பைப் பிடித்துத் தூக்கி, அப்படியே கிராணியின் இரண்டு கையிலும் வைத்தாள். அவர் "ஐயோ" என்று கத்திக் கீழே போட்டார். உள்ளங்கையில் சிவப்புப் புள்ளிகள்.

"இந்தப் பழத்தையா? இவ்வளவு பெரிய மனுசன், உங்களாலயே கையில பிடிக்க முடியலை. ஒரு வௌவால் இதை எந்தப் பல்லால உடைச்சுத் திங்கும்? மலாய்க்காரனும் செட்டியும் கெலுவாங்னு கூப்பிடறாங்க, அதுல பழமும் இல்லை, குத்தமும் இல்லை. பழந்தின்னின்னு பேர் வச்சது நாம. அது கொய்யாவும் வாழையும் திங்கறதைப் பாத்து வச்ச பேரு. அந்தப் பேரை வச்சே நீங்க அது டுரியானையும் திங்கும்னு தண்டனை குடுத்துட்டீங்க."

 பூங்காவனம் முந்தானையைக் கசக்கியபடி கேட்டாள். "அப்ப அடுத்த வருசமும் காய்க்காதா?"

"சொல்ல முடியாது. டுரியான் பூக்காத மாசத்துல அதுங்க ஆத்து முகத்து மரங்களோட பூவை நம்பித்தான் உயிரை வச்சிருந்துச்சு. அதையும் விறகாக்கிட்டோம். அங்க மரம் விழுந்தா இங்க காய் நின்னு போவுது. யாரும் யாரையும் கேக்காம நடக்கற காரியம். மிஞ்சின கொஞ்சமும் இந்த வருசம் இங்க வந்தது இந்த ஒரு மரத்துக்குத்தான். இதையும் வெட்டிட்டா, இந்தப் பக்கம் வர அதுக்கு ஒரு காரணமும் இருக்காது."

யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. பூங்காவனம் நேரே போய் மரத்தடியில் அஞ்சலைக்குப் பக்கத்தில் நின்றாள். அடுத்து அவள் புருஷன், அடுத்து இன்னும் இரண்டு பேர், பிறகு மொத்தமாக. கோடாலிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கோடாலியைத் தோளில் போட்டார்கள். "ஐயா, ஊரை வெட்டறதுக்கு நாங்க வரலை," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்கள்.

தம்பிராஜா தனியாக நின்றார். உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமினார். முப்பது வருடக் கிராணி உத்தியோகம் ஒரு நாளில் ஓய்வு பெற்றுவிடுமா?

"சரி. ஏதோ தவறு நடந்துபோச்சு. நான் ஒண்ணும் கல் மனசுக்காரன் இல்லை. மரம் நிக்கட்டும். நீயும் இருந்துக்க," என்றார் அஞ்சலையைப் பார்த்து. "நான் மன்னிச்சிட்டேன்."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. பூங்காவனம் அஞ்சலையின் முதுகைத் தடவிக் கொடுத்தாள், போய்க் கும்பிட்டுவிடு என்பது போல. தியாகுவும், அப்பாடா, வீடு தப்பியது என்றுதான் நினைத்தான்.

அஞ்சலை நகரவில்லை.

"நீங்க மன்னிச்சீங்களா?" என்றாள். குரல் உயரவில்லை, ஆனால் வேலிக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. "சரி. யாரை மன்னிச்சீங்க?"

"யாரைன்னா? உன்னைத்தான்."

"உன்னைன்னா யாரு? நான் இங்க வந்து பன்னெண்டு வருசம். தெனமும் இந்த வேலியைத் தாண்டித்தான் போறீங்க. என் பேரு என்ன?"

கிராணியின் உதடு அசைந்தது. தோட்டத்துப் பெரட்டில், காலை ஆள் கணக்கெடுப்பில், நானூறு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் என்று ஊரில் சொல்வார்கள். அவர் மரத்தைப் பார்த்தார், குடிசையைப் பார்த்தார், சந்திரமதியைப் பார்த்தார். அவள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். மருதமுத்து அவர் காதருகே குனிந்தான்.

"நீ சொல்லாதே," என்றாள் அஞ்சலை. "அவரு சொல்லட்டும்."

 சூனியக்காரி என்ற ஒரு சொல்தான் அவர் நாக்கில் இருந்தது, அதை இப்போது வெளியே விட முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. கிராணி தொப்பியைக் கழற்றினார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. வழுக்கைத் தலையோடு, வாயைத் திறந்தபடி நின்றார்.

"கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு வாங்க," என்றாள் அஞ்சலை. "வந்து, அந்தப் பேரைச் சொல்லி, நீங்க என்கிட்ட மன்னிப்புக் கேளுங்க. மன்னிக்கிறதா வேணாமான்னு அப்புறம் நான் யோசிக்கிறேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.